தாத்தா தோப்பு விளாவை வெட்டலாமா?

வந்த கேள்வி இது: "ஆலங்குடி பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் பழைய தோப்பு இருக்கிறது. விளா மூன்று, நாவல் ஐந்து, உலக்கைப்பாலை ஒன்று, நறுவிலி ஒன்று, நெல்லி ஒன்று, வேலியோரம் களாவும் இலந்தையும். பத்து வருஷமாக யாரும் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தென்னை வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு. எனக்கு மனசு வரவில்லை. மனசு மட்டும் போதுமா? இந்த மரங்களைக் காப்பாற்ற உருப்படியாக என்ன செய்யலாம்?"

வெட்டாதீர்கள். அதே வேகத்தில் நர்சரிக்கும் ஓடாதீர்கள். முதல் வேலை வேறு. உங்கள் அப்பத்தா இருந்தால் அவரை, இல்லையென்றால் அந்தத் தோப்பில் பழம் பொறுக்கி விற்ற யாராவது ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு மரத்தடியிலும் நிறுத்திக் கேளுங்கள்: இது எப்படி இருக்கும்? எந்த மாசம் விழும்? பிள்ளைகள் எந்த மரத்துக்கு ஓடும்? சொல்வதை அந்த இடத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், உங்களிடம் இருப்பது "ஐந்து நாவல்" இல்லை. கொட்டையிலிருந்து தானாக முளைத்த மரம் ஒவ்வொன்றும் தனிப்பிறவி. ஒன்று தொண்டையைப் பிடிக்கும், ஒன்றில் கொட்டை சிறுத்துச் சதை நிறைய இருக்கும், ஒன்று ஊரெல்லாம் முடிந்தபின் ஆடிக் கடைசியில் பழுக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஐந்தும் ஒரே இலை, ஒரே பட்டை. வித்தியாசம் தெரிந்தவர்கள் "கிணத்தடி நாவல்", "ஓடைக்கரை விளா" என்று பெயர் வைத்திருப்பார்கள். நான் பார்த்தவரை அந்தப் பெயர்தான் முதலில் சாகிறது. பெயர் போனபின் அது வெறும் மரம். வெறும் மரத்தை வியாபாரி டன் கணக்கில் விலை பேசுவான்.

இன்னொரு காரணமும் உண்டு. நெல், கேழ்வரகு மாதிரி விதையைக் காயவைத்துக் குளிரறையில் வருஷக்கணக்கில் வைக்கிற வழி இந்த மரங்களில் பலவற்றுக்கு இல்லை. நாவல் கொட்டை இரண்டு வாரம் காய்ந்தால் முளைப்பு போச்சு. பலாக்கொட்டையும் இலுப்பைக்கொட்டையும் அப்படியே, காய்ந்தால் செத்தது. ஆகையால் இவற்றுக்கு விதை வங்கி என்றால் அது யாரோ ஒருவருடைய தோப்புதான். மரம் மண்ணில் நின்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

என் கதையைச் சொல்கிறேன். அத்தை வீட்டுக் கொல்லையில் ஒரு விளா இருந்தது, சீனி விளா என்போம். பழத்தைப் பொறுக்கியதும் அத்தை அதை ஓரடி உயரத்திலிருந்து திண்ணையில் போடுவார். காயாக இருந்தால் 'டங்' என்று துள்ளும். பழுத்திருந்தால் 'பொத்' என்று விழுந்த இடத்திலேயே உட்காரும். துள்ளியதை வைக்கோலுக்குள் தள்ளிவிட்டு, உட்கார்ந்ததை அம்மிக்கல்லில் ஒரு தட்டு. ஓடு இரண்டாகப் பிளக்கும்போது வருகிற அந்தப் புளித்த, கனத்த வாசனையை எங்கே முகர்ந்தாலும் எனக்கு அத்தைதான் நினைவு. மற்ற விளாம்பழத்துக்கு வெல்லம் வேண்டும், இதற்கு வேண்டாம். இருபது வருஷம் நான் ஊர் ஊராகப் போய் மா ஒட்டுக் கட்டச் சொல்லிக்கொடுத்தவன். அந்த விளாவிலிருந்து ஒரு குச்சி எடுத்ததில்லை. எங்கே போய்விடப் போகிறது என்ற எண்ணம். பங்காளிகள் சுவர் எழுப்பினார்கள், மரம் போனது. கடைசிப் பழங்களின் விதையைப் போட்டு ஆறு கன்று வளர்த்தேன். விளா விதைக்கன்று காய்ப்புக்கு வர ஏறத்தாழப் பதினைந்து வருஷம் ஆகும். பதினாறாவது வருஷம் இரண்டு காய்த்தன. இரண்டும் புளிப்பு.

நல்ல மரம் எது என்று தெரிந்ததும், அதிலிருந்து ஒட்டு எடுத்து இன்னும் இரண்டு இடத்தில் நிறுத்துவதுதான் உருப்படியான காரியம். கன்று ஒன்று உங்கள் தோப்பில், ஒன்று உறவினர் நிலத்தில், முடிந்தால் ஒன்று ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ கோயில் நிலத்திலோ. ஒரே இடத்தில் மூன்றையும் வைக்காதீர்கள். இடி விழுந்தாலும் பாகப்பிரிவினை வந்தாலும் ஒன்றாவது மிஞ்ச வேண்டும்.

நாவலுக்கு இளந்தண்டு ஒட்டு நன்றாக வரும். ஏதாவது நாவல் கொட்டையைப் பழம் தின்ற வாரத்திலேயே பையில் போடுங்கள். ஒரு கொட்டையில் இரண்டு மூன்று முளை வந்தால் திகைக்க வேண்டாம், நாவலின் குணம் அது. திடமான ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். வருஷத்தில் பென்சில் கனம் வந்துவிடும். இப்போது தாய்மரத்திலிருந்து அதே கனத்தில் குச்சி வேண்டும். வயதான மரத்தில் இதுதான் சிக்கல். எல்லாம் முண்டும் முடிச்சுமாக இருக்கும், வீரியமான தளிர் கிடைக்காது. கைக்கு எட்டுகிற ஒரு கிளையின் நுனியை முன்கூட்டியே கழித்துவிட்டால் சில மாதங்களில் நல்ல கொழுந்து கிளம்பும். குச்சி வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பு இலைகளை மட்டும் கத்தரித்துக் காம்பை விட்டுவிடுங்கள். பத்தாம் நாள் காம்பை விரலால் தொட்டால் தானாக உதிரும், கணுவில் மொட்டு உப்பியிருக்கும். அதுதான் பதம். விரல் நீளக் குச்சி, ஆப்பு மாதிரி இரண்டு பக்கச் சீவல், வேர்க்கன்றின் (பையில் வளர்ந்த அந்தக் கன்றுதான்) தண்டை நடுவில் பிளந்து உள்ளே செருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிக் கட்டு. மேலே பெட்டிக்கடைக் குச்சி ஐஸ் கவரைக் கவிழ்த்து அடியில் கட்டிவிட்டால் ஈரம் நிற்கும். மூன்று வாரத்தில் கவருக்குள் பச்சை தெரிந்தால் பிடித்துவிட்டது. காற்றில் ஈரம் இருக்கிற மாதமாகப் பாருங்கள். பங்குனி வெயிலில் செய்தால் பத்துக்கு ஒன்றுகூட மிஞ்சாது. நல்ல மாதத்திலும் முதல் முறை பத்துக்கு ஐந்து பிடித்தால் உங்களுக்குக் கைராசி இருக்கிறது என்று அர்த்தம்.

விளாவுக்கும் ஒட்டு வரும். ஆனால் அதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. மரத்தைச் சுற்றி ஓடுகிற வேரில் கலப்பையோ மண்வெட்டியோ பட்ட இடத்தில் கன்று கிளம்பும். அது தாயின் அச்சு. பழம் விழுந்து முளைத்த கன்றும் பக்கத்திலேயே இருக்கும் என்பதால் இலையைப் பார்த்துப் பிரிக்க முடியாது. மண்ணை விலக்கிப் பாருங்கள். நேராக ஆணிவேர் இறங்கினால் விதைக்கன்று. விரல் கனத்தில் குறுக்கே ஒரு வேர் ஓடி, அதன் முதுகில் கன்று உட்கார்ந்திருந்தால் அதுதான் உங்களுக்கு வேண்டியது. தாயோடு சேர்ந்த பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டு, இரண்டு மாதம் அங்கேயே விட்டுச் சொந்த வேர் பிடித்தபின் மண்பந்தோடு எடுங்கள். இது ஒட்டுக்கட்டாத, தன் வேரில் நிற்கிற பழைய மரத்துக்குத்தான் பொருந்தும். உங்கள் தோப்பு விளாக்கள் அப்படித்தான் இருக்கும்.

உலக்கைப்பாலை பொறுமைக்காரர்களுக்கு. பெயரே சொல்கிறது, உலக்கை செய்கிற அளவுக்கு வைரம் பாய்ந்த மரம், அதனால் வளர்த்தியும் மெதுவோ மெது. கோடியக்கரைக் காட்டில் கூட்டம் கூட்டமாக நிற்பது இதுதான். இலங்கையில் வன்னிப் பக்கம் போனால் சீசனில் பாலைப்பழம் என்றால் உயிரை விடுவார்கள். மஞ்சளாக, விரல்நுனி அளவில், நல்ல தித்திப்பு. பறித்தவுடன் நிறையத் தின்றால் பால் பிசின் உதட்டோடு உதட்டை ஒட்டிவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் ஊரில் விற்கிற சப்போட்டா ஒட்டுக்கன்று பெரும்பாலானவற்றுக்கு வேர்க்கன்று இந்தப் பாலைதான். மெக்சிகோவிலிருந்து வந்த விருந்தாளியை நம் ஊர்க்காரன் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறான், கீழே இருப்பவன் பெயர் யாருக்கும் தெரியாது. சப்போட்டாக் கன்று பட்டுப்போய் அடியிலிருந்து வேறு இலையோடு ஏதோ முளைத்தது என்று பிடுங்கி எறிந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். எறிந்தது பாலை. உங்களிடம் ஒன்றே ஒன்று இருப்பதால், பழக்காலத்தில் கொட்டையைச் சேர்த்து ஈரம் காயுமுன் போட்டுவிடுங்கள். பத்து கன்று போதும், மரநாயும் பறவையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

நெல்லி ஒன்றுதான் என்றீர்கள். பூ கொட்டிக்கொட்டிப் பூத்துக் காய் குறைவாக இருந்தால் மருந்து கடைக்குப் போகாதீர்கள். நெல்லிக்குத் தன் மகரந்தம் பெரும்பாலும் ஒத்துவராது, பக்கத்தில் வேறு நெல்லி வேண்டும். அதே மரத்து ஒட்டை வைத்தாலும் பயனில்லை, வேறு மரத்துக் கன்று வையுங்கள்.

இலந்தையில்தான் எனக்குப் பயம். காட்டு இலந்தையை வெட்டி, துளிர்க்கிற தண்டில் பெரிய பழ இரகத்தின் மொட்டைக் கட்டுவது மிகச் சுலபம், இரண்டு வருஷத்தில் காய்த்துவிடும். அதனாலேயே வேலியில் இருக்கிற அத்தனையையும் ஆப்பிள் இலந்தையாக மாற்றிவிடுகிறார்கள். அந்தப் பெரிய பழத்தில் இலந்தை வடை தட்டிப் பாருங்கள். சப்பென்று இருக்கும். வெல்லம், மிளகாய், உப்பு, பெருங்காயம் போட்டு உரலில் இடிக்கிற அந்த வடைக்குச் சின்ன, புளித்த, சுருங்கிய நாட்டு இலந்தைதான் வேண்டும். மாற்ற ஆசையாக இருந்தால் ஒன்றிரண்டில் மட்டும் கட்டுங்கள்.

நறுவிலிக்குப் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். பிள்ளைகள் மூக்குச்சளிப் பழம் என்று சிரிப்பார்கள், தின்னவும் செய்வார்கள். ராஜஸ்தானில் இதன் காயில் போடும் ஊறுகாய்க்குத் தனி மரியாதை உண்டு. நம் ஊரிலும் சில வீடுகளில் காயை மோரில் ஊறவைத்து வற்றல் போடுவார்கள்.

இருக்கிற பழைய மரங்களைத் தேற்றுவதற்குச் செலவு அதிகமில்லை. முதலில் தலையை அண்ணாந்து பாருங்கள். மரத்தின் இலைக்குச் சம்பந்தமில்லாத தடித்த இலைக்கொத்து தெரிந்தால் அது புல்லுருவி. பத்து வருஷம் கவனிக்காத தோப்பில் இல்லாமல் இருக்காது. அதை மட்டும் பிய்த்து எறிந்தால் மறுபடி தழைக்கும், உறிஞ்சு வேர் கிளைக்குள் இருக்கிறது. ஒட்டியிருக்கிற இடத்துக்கு ஒரு முழம் கீழே கிளையோடு வெட்ட வேண்டும். புல்லுருவி பழுக்குமுன் வெட்டுங்கள். அதன் பழத்தைத் தின்கிற பூக்கொத்திக் குருவியின் எச்சத்தில் விதை பசை மாதிரி ஒட்டி வரும், குருவி அடுத்த மரத்துக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். அடுத்தது, மரத்தடியில் சருகைக் குவித்துத் தீ வைக்கிற பழக்கம். பட்டை வெளியே கருகாவிட்டாலும் உள்ளே வெந்துவிடும். சருகு அங்கேயே மக்கட்டும். டிராக்டரைக் கிளைப் பரப்புக்குள் விடாதீர்கள். புது மண் கொட்டி அடிமரத்தை மூடாதீர்கள். மற்றபடி இவை மழையை நம்பி வாழ்ந்தவை. கோடையில் சொட்டுநீர் போட்டுக் கெடுக்க வேண்டிய அவசியமில்லை.

இனி வீட்டில் கேட்கிற கேள்வி: வருமானம்? நேர்மையாகச் சொன்னால், தென்னை நன்றாகக் காய்த்து விலையும் நன்றாக இருக்கிற வருஷத்தில் உங்கள் தோப்பு அதற்கு ஈடாகாது. ஆனால் ஆலங்குடிக்காரருக்கு 2018 நவம்பர் 16-ஐ நான் நினைவூட்ட வேண்டியதில்லை. கஜா புயல் அடித்த அந்த ஒரு ராத்திரியில் டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்தது. பலாவும் மாவும்கூடச் சாய்ந்தன, நாட்டு மரம் என்றால் விழாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரே மரத்தை மட்டும் வைத்திருந்தவர்களுக்கும், ஏழெட்டு வகை கலந்து வைத்திருந்தவர்களுக்கும் மறுநாள் காலை ஒன்றாக விடியவில்லை.

கையில் காசு வருகிற மரம் நாவல். நகரத்துத் தள்ளுவண்டியில் என்ன விலைக்குப் போகிறது என்று நீங்களே கேட்டிருப்பீர்கள். பணம் போவது பறிப்பில். நாவல் கிளை பார்க்கத் தடிமனாக இருக்கும், மேலே ஏறினால் சொல்லாமல் ஒடியும். வருஷா வருஷம் ஊருக்கு ஒருவர் விழுகிறார். ஏற விடாதீர்கள். தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் வலை கட்டி, கொக்கிக் கம்பால் உலுக்கினால் அடிபடாமல் கிடைக்கும். ஒன்றிரண்டு நாளில் கெட்டுவிடும் என்பதால் காலையில் பறித்ததை அன்றைக்கே தள்ளிவிட வேண்டும், அல்லது அன்றைக்கே சாறு எடுக்க வேண்டும். விளாம்பழம் இதற்கு நேரெதிர். ஓடு இருப்பதால் வாரக்கணக்கில் அவசரமில்லை. நம்மூரில் பிள்ளையார் சதுர்த்திக்கு மட்டும் தேடுகிற அந்தப் பழத்தை இலங்கையில் சாறாகவும் ஜாமாகவும் கடைகளில் வருஷம் முழுக்க விற்கிறார்கள். பழம் ஒன்றேதான், அங்கே அதற்கு ஒரு பாட்டிலும் பெயரும் கிடைத்துவிட்டன.

கர்நாடகத்தில் சிர்சி, சாகர் பக்கம் அப்பெமிடி என்று ஒரு மாங்காய் உண்டு. ஆற்றங்கரையில் காட்டு மரமாக வளர்வது, வடுமாங்காய் ஊறுகாய்க்கென்றே பிறந்தது. வாசனைக்கு ஒரு பெயர், புளிப்புக்கு ஒரு பெயர் என்று மரத்துக்கு மரம் பெயர் வைத்திருக்கிறார்கள். காய்க்காகக் கிளையோடு வெட்டிச் சாய்த்ததில் மரங்கள் குறைந்தன. அப்புறம் அங்குள்ள விவசாயிகளே நல்ல மரத்தைத் தேடிப்பிடித்துக் குச்சி கொண்டுவந்து தங்கள் தோட்டத்தில் ஒட்டுக்கட்டி நிறுத்தினார்கள். ஊறுகாய்க்கு ஆள் இருந்ததால் மரத்துக்கும் ஆள் இருந்தது. வாய்க்கு வேண்டாத மரத்தைச் சட்டத்தால் மட்டும் யாரும் காப்பாற்றியதாக நான் பார்த்ததில்லை. விதிவிலக்கு கோயில். திருவானைக்காவில் வெண்ணாவல் நிற்கிறதென்றால் அது தலவிருட்சம் என்பதால்.

அதே கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டத்தில் ஒரு பலா. ஒரு விவசாயியின் அப்பா வைத்த ஒற்றை மரம், இரண்டரைக் கிலோ அளவில் சின்னப் பழம், செம்பு நிறச் சுளை. வெகுகாலம் பழத்தை உறவுக்காரர்களுக்குக் கொடுத்துத் தீர்த்தார்கள். பெங்களூருவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அதைச் சோதித்து, 'சித்து' என்று அப்பாவின் பெயரையே வைத்து, 2017-இல் ஒப்பந்தம் போட்டு ஒட்டுக்கன்று தயாரித்தது. விற்கிற பணத்தில் 75 சதவீதம் அந்த விவசாயிக்கு. ஒவ்வொரு தோப்பிலும் ஒரு சித்து இருக்கும் என்று ஆசை காட்டவில்லை. ஆனால் இருக்கிறதா என்று பார்க்காமல் வெட்டக்கூடாது. 2001-ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி விவசாயி தன் இரகத்தைத் தன் பெயரில் பதிவு செய்யலாம், மர வகைகளுக்கு 18 வருஷம் வரை உரிமை. அரசு அறிவித்த பயிர்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும், ஆகையால் வேளாண் அறிவியல் நிலையத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே போகும்போது உங்கள் நோட்டு கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். எந்த மரம், எத்தனை வருஷம், எந்த மாதம், பழம் எத்தனை கிராம், கொட்டை எத்தனை கிராம் என்று மூன்று வருஷம் எழுதி வைத்தவரை யாரும் சும்மா அனுப்பிவிட முடியாது.

ஒரு எச்சரிக்கை. நாட்டுமரம் வைக்கிறேன் என்று இறங்கியதும் "அபூர்வ வெள்ளை நாவல்" என்று விலை சொல்லி விற்பவர்கள் வருவார்கள். நானும் ஒரு நர்சரியில் ஏமாந்து ஏழு வருஷம் தண்ணீர் ஊற்றினேன். காய்த்தது கறுப்பு. தாய்மரத்தைக் கண்ணால் பார்க்காமல் கன்று வாங்காதீர்கள். இதோடு, எது நாட்டுமரம் என்ற சண்டையிலும் இறங்காதீர்கள். கொடுக்காப்புளி, சீத்தா, கொய்யா எல்லாம் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. புளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்து எத்தனை நூற்றாண்டோ ஆகிவிட்டது. அவை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பெயர் தெரியாமல் சாகிறவற்றுக்கு முதலில் இடம் கொடுங்கள், அவ்வளவுதான்.

வீட்டாருக்குத் தென்னையில் பிடிவாதம் இருந்தால், காலியாகக் கிடக்கிற பக்கத்தில் இருபது தென்னை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், நாவல் நிழல் விழாத பக்கமாகப் பார்த்து. இரண்டு ஏக்கரில் அதற்கும் இடம் இருக்கும்.

ஆனி பிறந்ததும் நாவல் உதிரத் தொடங்கும். பழைய சேலை ஐந்து, உப்புப் பொட்டலம் ஒன்று, நோட்டு ஒன்று எடுத்துக்கொண்டு அப்பத்தாவோடு போங்கள். ஐந்து மரத்தடியிலும் சேலையை விரித்துவிட்டு, முதல் பழத்தை அவர் வாயில் போடச் சொல்லி முகத்தைப் பாருங்கள். எந்த மரத்தில் குச்சி எடுக்க வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.